முதலாளி பேர், நட்சத்திரம் சொல்லி

ஏனுங்க, அந்தச் சன்னலோர சீட்டை எனக்குக் குடுக்கறீங்களா? நடுவுல உக்காந்தா சட்டை கசங்கிரும்ங்க. ஊட்டுக்காரி வெடியால எந்திரிச்சு அவ கையால தேச்சுக் குடுத்த சட்டை. அவ என்ற சட்டையைத் தொட்டே ஒரு வருசம் ஆச்சு. அதுதான் பாக்கறேன். நெம்ப சந்தோசம்ங்க, நீங்க நல்லா இருக்கோணும்.

கோர்ட்டு ஸ்டாப்பு வந்தா சித்தே சொல்லுங்க. எப்பவும் வக்கீலோட கார்லதான் போவேன், அதனால எறங்கற எடம் தெரியாது. இல்லீங்க, சாட்சி சொல்லப் போகல. நான் மொதல் எதிரி. சாட்சி என்ற ஊட்டுக்காரி, எனக்கு எதிரா. சிரிக்காதீங்க, ரெண்டு பேரும் ஒரே ஊட்லதான் இருக்கறோம். அவ சோறாக்கிப் போடறா, நான் திங்கறேன். கோர்ட்டுல அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பல ஊட்ல கோர்ட்டு இல்லாமயே அப்பிடித்தான இருக்கறாங்க.

உங்க பாட்டல்ல ஒரு முழுங்கு தண்ணி கெடைக்குமுங்களா? அடேங்கப்பா, கலரே இல்லீங்க. கலர் இல்லாத தண்ணி குடிச்சா எனக்கு ஏதோ குடிக்காத மாதிரியே இருக்குது. எங்க ஊருக் கெணத்துத் தண்ணியைப் பாத்தே, வெளிநாட்டுக்காரன் இந்த வருசம் என்ன கலர் பனியன் போடுவான்னு சொல்லிப்போடலாம். தை மாசம் மெரூன். அப்பறம் ஒரு மாதிரி பச்சை. பக்கத்து ஊட்டு எருமை ரோசாப்பூ கலர்ல பால் கறக்குதுன்னு ஒருத்தன் டீக்கடையில சொல்லிட்டுத் திரிஞ்சான். அது சுத்தப் பொய்யி. லேசா நீலம், அவ்வளவுதான்.

நான் யாருன்னு சொல்லவே இல்லை பாருங்க. பேரு சென்னியப்பன். சாயப்பட்டறை டைரக்டர். அட, நெசமாத்தாங்க. ரூம்பு இருக்குது, கதவுல பேரு எழுதின போர்டு இருக்குது, சுத்தற சேர் இருக்குது. ஏசி மட்டும் வேலை செய்யாது. சேர்ல உக்காந்து ஒரு சுத்து சுத்துனா காத்து வந்துரும்.

எப்பிடி ஆனேன்னு கேக்கறீங்களா? எல்லாம் முடியால வந்த யோகம்ங்க.

எங்க மொதலாளி பேரு தெய்வசிகாமணி. பட்டறை ஆத்தோரமா இருக்குது, அவரு ஊடு கோயமுத்தூர்ல. நான் அங்க துணி பண்டல் தூக்கற ஆளாத்தான் சேந்தேன். ஒரு தடவ அவருக்கு நெஞ்சு வலி வந்து, அவங்கம்மா மகனுக்குப் பழனியில மொட்டை போடறதா வேண்டிக்கிட்டாங்க. நல்லானதும் பாத்தா, மக கண்ணாலம் வந்து நிக்குது. போட்டோ, வீடியோன்னு ஆயிரம் இருக்குது, மொட்டைத் தலையோட மேடையில எப்பிடி நிப்பாரு? சாமி கடனையும் வெக்கக்கூடாது. நேரா பண்டல் எறக்கற எடத்துக்கு வந்து, ஒவ்வொருத்தன் தலையா பாத்துட்டே வந்தாரு. என்ற தலையில கையை வெச்சு, உனக்கு முடி நல்லா அடர்த்தியா இருக்குது சென்னியப்பான்னாரு. அவ்வளவுதான். அன்னைக்கு மசுரு போச்சு, பொழப்பு வந்துது.

இது செல்லுமான்னு எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துதுங்க. பூசாரியைக் கேட்டேன். யாருக்காக வேண்டினதோ அவங்க பேரு, நட்சத்திரம் சொல்லிப்போட்டுச் செஞ்சா அவங்களுக்கே போய்ச் சேந்துரும், உனக்கு அதுல ஒண்ணும் ஒட்டாதுன்னாரு. அதுலருந்து அதே பழக்கம். தெய்வசிகாமணி, கேட்டை நட்சத்திரம்னு மூணு தடவ சொல்லிக்குவேன், அப்பறம் எதுவானாலும் செய்வேன். பாதயாத்திரை போனேன். கோயிலைச் சுத்தி உருண்டேன். மொதலாளிக்கு சக்கரை ஏறுனா நான் விரதம் இருந்தேன். எனக்கு எறங்கிப் போச்சு, அவருக்கு எறங்கலை, அது வேற கதை.

கடைசியா குண்டம். மாரியாத்தா கோயில்ல நெருப்புக் கங்கு மேல நடக்கறதுங்க. புதுப் பட்டறை நல்லபடியா ஓடோணும்னு அவரு வேண்டிக்கிட்டாரு, நான் எறங்கினேன். அவரு கயித்துக்கு அந்தப் பக்கம் எளநி குடிச்சிட்டே கண்ணை மூடிக் கும்பிட்டாரு. எனக்கு எடது கால் பொத்துப்போச்சு. அவரே கார்ல மருந்து கொண்டாந்து குடுத்தாரு தெரியுமுங்களா? வேற எந்த மொதலாளிங்க தருவாரு? என்ற ஊட்டுக்காரி பாவாயி மட்டும் கால்ல மருந்து போட்டுட்டே கேட்டா, வேண்டினது அவரு, வெந்தது நீயி, நடுவுல மாரியாத்தாளுக்கு என்ன கணக்குன்னு. பொம்பளைக்குச் சாமி காரியம் புரியாதுன்னு சொல்லிட்டேன்.

அந்தக் கால் ஆறி முடிக்கல, மொதலாளி கூப்புட்டு விட்டாரு. போனா, உக்காருன்னாரு. இத்தனை வருசத்துல அவரு முன்னால நான் உக்காந்ததே இல்லீங்க. பாதிப் பின்பக்கத்தை மட்டும் சேர்ல வெச்சேன். சென்னியப்பா, இதும் ஒரு வேண்டுதல் மாதிரிதான், கையெழுத்து மட்டும் போடு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்னாரு. போட்டேன். டைரக்டர் ஆயிட்டேன். கார்டு அடிச்சுக் குடுத்தாங்க. ஊட்டுக்குக் கொண்டு போய்க் காட்டுனா, பாவாயி அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, உனக்குப் படிக்கத் தெரியாத பாசையில உன்ற பேரை அடிச்சிருக்கறாங்க, சூதானமா இருந்துக்கன்னா. பொறாமைங்க. கட்டினவளுக்கே பொறாமை.

மழைக்காலம் வந்துது. உங்களுக்குத் தெரியுமான்னு தெரியல, மழை பேஞ்சா பட்டறைக்காரங்களுக்குத் தீவாளி நோம்பி மாதிரி. தொட்டியில நிக்கற சாயத் தண்ணியைச் சுத்தம் பண்ணோணும்னு சட்டம். மிசினு இருக்குது, பெருசா, நீலப் பெயிண்ட் அடிச்சு. அதிகாரிங்க வர்றப்ப அதுக்கு மாலை போட்டு ஓட்டிக் காட்டுவோம். மத்த நாள்ல கரண்டுச் செலவு யாரு பாக்கறது? ஆத்துல வெள்ளம் வந்தா தொறந்து விட்டுட்டா யாருக்குத் தெரியப் போகுது? அந்தத் தடவ தொறந்து விட்டாங்க, மழை பாதியில நின்னு போச்சு. அதுக்கு நாம என்ன பண்றது? சாயம் ஆத்துல அப்பிடியே நின்னுக்கிச்சு. எங்க ஊருக் கெணறு ஆத்தை ஒட்டி இருக்குது. தெரு பூராம் வாந்தி, பேதி. ஆசுபத்திரியில எடமில்லாம கீழ படுக்க வெச்சாங்க.

பாவாயி தங்கச்சி சரசு, எங்க எதிர் ஊடு. அந்தப் பேதியில அவ செத்துப் போய்ட்டாங்க. நல்லா சிரிக்கற புள்ள. என்னை மாமான்னு கூப்புட மாட்டா, டைரக்டருன்னுதான் கூப்புடுவா. அதைப் பத்திப் பேச வேண்டாம், உடுங்க.

போலீசு வந்துது. டைரக்டர் யாருன்னு கேட்டாங்க. நான் தலை சீவிட்டு, நான்தானுங்கன்னேன். அப்பிடியே ஏத்திட்டுப் போய்ட்டாங்க. மொதலாளி அந்தச் சமயம் கொடைக்கானல்ல இருந்தாரு, பாவம், மனசு சரியில்லாம. ஆனா செயில்ல என்னை மறக்கலீங்க. வக்கீலை அனுப்பிச்சாரு. வக்கீலு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு, இது குண்டம் மாதிரிதான் சென்னியப்பா, கொஞ்சம் நீளமான குண்டம், ரெண்டு மூணு வருசம் ஆகும், நடந்துட்டீன்னா வெளிய வந்து ராசாவாட்டம் இருக்கலாம்னாரு. நானும் தலையாட்டுனேன். பழகின கால்தான.

ஜாமீன்ல வந்தேன். பாவாயி பேசறதை நிறுத்திட்டா. சோறு மட்டும் வரும். சட்டி சத்தம் போடும், அவ போட மாட்டா.

கேசு நடந்துது, பட்டறையும் அது பாட்டுக்கு ஓடிச்சு. கோர்ட்டுலதாங்க எனக்கு மனசு விட்டுப் போச்சு. போலீசுக்காரங்க மொதலாளி பேரையும் சேத்திருந்தாங்க. எங்க வக்கீலு எந்திரிச்சு, அவரு பேரை எடுத்து விடோணும்னு ஜட்ஜம்மாகிட்டப் பேசறாரு. என்ன சொன்னாருங்கறீங்க? தெய்வசிகாமணிங்கறவருக்கு இந்தப் பட்டறையைப் பத்தி ஒண்ணுமே தெரியாது, பணம் போட்டதோட சரி, அதோட வாசக் கேட்டு எந்தத் திசையில இருக்குதுன்னு கூடத் தெரியாது, எல்லாத்துக்கும் சென்னியப்பன் ஒருத்தர்தான் பொறுப்புன்னாரு. எனக்கு ரத்தம் கொதிச்சுப்போச்சு. என்னைச் சொன்னதுக்கு இல்லீங்க. எங்க மொதலாளிக்கு ஒண்ணும் தெரியாதாமா? இவரு யாரு அதைச் சொல்றதுக்கு? நாலு பட்டறையைக் கட்டி ஆண்ட மனுசனை, ஊரே கேக்க, வாசக் கேட்டு எங்கன்னு தெரியாத மடையன்னு சொல்றதா? அவரு காசுலயே சூட்டுப் போட்டுக்கிட்டு!

ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்தாங்க. நிறுத்துன்னு நீங்க சொன்னா அந்தப் பட்டறை நிக்குமான்னு கேட்டாங்க. வக்கீலு பின்னால இருந்து இருமினாரு. நிக்குமுங்கன்னு சொன்னேன். அந்தம்மா அதை எழுதிக்கிட்டாங்க.

அன்னைக்குச் சாயந்தரம் ஊட்டுக்கு வந்து உக்காந்தேன். பாவாயி கெணத்துல இருந்து ஒரு சொம்பு மோந்துட்டு வந்து என்ற முன்னால வெச்சா. ஊதாக் கலரு. அத்தனை மாசம் கழிச்சு வாயத் தொறந்து பேசினா.

"டைரக்டர், தண்ணி குடிங்க."

சரசு கூப்புடற மாதிரியே கூப்புட்டா. அதே ராகம். நான் சொம்பைத் தூக்கினேன், கை வாய்க்குப் போகவே இல்லீங்க. அவ அங்கயே நின்னுட்டு இருந்தா. நான் கீழ வெச்சுட்டேன்.

"நீ சொன்னா நிக்கும்னு அந்தம்மாகிட்டச் சொன்னியாமா. சொல்லிப் பாரேன்."

வெடிஞ்சதும் போலீசு ஸ்டேசன்ல ஜாமீன் கையெழுத்தைப் போட்டுட்டு நேரா பட்டறைக்குப் போனேன். வாச்மேன் சல்யூட் அடிச்சான். அவன் எப்பவும் அடிப்பான், நாந்தான் திருப்பி அடிச்சிருவேன். அன்னைக்கு அடிக்கல. உள்ள போய், மோட்டாரை நிறுத்து, பாய்லரை அணைன்னேன். மேனேசரு மொதலாளியைக் கேக்கோணும்னாரு. கோர்ட்டுல சொல்லியாச்சே, அவருக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் நான்தான்னு, அவருகிட்ட என்னத்தைக் கேப்பீங்கன்னு கேட்டேன். மனுசன் போய் மெயின் ஸ்விச்சை எறக்கினாரு. நின்னு போச்சுங்க. அத்தனை மிசினும் நின்னு போச்சு. காது ஙொய்யின்னுது. ஆத்துக்குத் தண்ணி போற வால்வையும் மூடிப்போடலாம்னு தேடினேன், அது எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியல. அதிகாரிங்களும் வருசக்கணக்கா தேடறாங்களாமா, அவங்களுக்கே அம்புடல, நான் எம்மாத்திரம்? சரின்னு ஆளுங்க எல்லாத்தையும் வெளிய தாட்டி விட்டுட்டு, கேட்டுக்கு என்ற ஊட்டுப் பூட்டைப் போட்டுட்டு வந்துட்டேன்.

ஊரே கேட்டு முன்னால கூடிப்போச்சு. ரெண்டாம் நாளு மொதலாளியே வந்தாரு. கோயமுத்தூர்ல இருந்து, அவரே வண்டி ஓட்டிட்டு. நான் நினைச்சது, கூப்புட்டு நாலு வார்த்தை பேசுவாருன்னு. பேசலீங்க. என்னென்னமோ திட்டினாரு, எங்கம்மாவைக் கூடச் சேத்து. கார்ல இருந்து கடப்பாரையை எடுத்து அவரு கையாலயே பூட்டை ஒடைச்சாரு. இந்த வயசுல என்ன பலம்! உள்ள போனதும் தொட்டி ரொம்பி நிக்கறதைப் பாத்தாரு. நேரா தென்னை மரத்துக்குப் பின்னால போய், முள்ளுச் செடியை ஒதுக்கி, கல்லுப் பலகையை நகத்தி, வால்வைத் தொறந்து விட்டாரு. ஒரு தடவ கூடத் தேடலீங்க. கண்ணைக் கட்டி உட்டிருந்தாலும் போயிருப்பாரு. ஆளுங்களையெல்லாம் பேரு சொல்லிக் கூப்புட்டு, நீ பாய்லரு, நீ மூணாவது மோட்டாருன்னு உத்தரவு போட்டாரு. நான் வேலி ஓரமா நின்னுட்டு அப்பிடியே மலைச்சுப் போய்ப் பாத்தேன். ஊர்க்காரங்க எல்லாரும் செல்லுல படம் புடிச்சாங்க. பாவாயியும் புடிச்சா. மொதலாளி படத்துல அம்சமா இருந்தாரு.

எனக்கு வருத்தந்தாங்க, இல்லீங்கல. அம்மாவை இழுத்ததுதான் வருத்தம். ஆனா உப்பிட்டவரை உள்ளளவும் நினைங்கறாங்கல்ல? எங்க ஊர்த் தண்ணியில கெடக்கறதெல்லாம் அவரு போட்ட உப்புத்தான். எப்பிடி மறக்க முடியும்?

அதுக்கப்பறந்தான் ஊட்ல ஒரு அதிசயம். பாவாயி நல்லபடியா பேச ஆரம்பிச்சா. நேத்து கோழிக்கொழம்பு வெச்சா. பக்கத்துல உக்காந்து, இன்னிக்குக் கோர்ட்டுல என்ன நடக்கும்னு கேட்டா. ஜட்ஜம்மா என்னைக் கேள்வி கேக்கற நாளு, எது கேட்டாலும் எல்லாம் நான்தானுங்கன்னு மட்டும் சொல்லச் சொல்லி வக்கீலு பாடம் பண்ணி உட்டிருக்காரு, சொல்லிட்டா இன்னிக்கே மொதலாளி பேரை எடுத்துருவாங்கன்னேன். அவ கோவப்படுவாள்னு பாத்தா, படலீங்க. ரசத்தை ஊத்திட்டே, அந்த வக்கீலு உன்ற மொதலாளியை மடையன்னு சொன்னதைக் கேட்டுட்டு நீ சும்மா உடப் போறியான்னா.

எனக்குப் பொசுக்குனு கண்ணு கலங்கிப்போச்சு. கட்டின நாளா மொதலாளியைக் கரிச்சுக் கொட்டினவங்க அவ. அவரு மேல இத்தனை கரிசனம் அவளுக்குள்ள இருந்திருக்குது, எனக்குத்தான் தெரியாமப் போச்சு. ஒண்ணு விடாமச் சொல்லுன்னா. பூட்டை ஒடைச்சது, கல்லுப் பலகையை நகத்தினது, யாரு யாரைப் பேரு சொல்லிக் கூப்புட்டது, மழை வந்தா தொறந்து விடுன்னு போன்ல சொல்றது யாரு, எல்லாம். அவருக்கு எத்தனை தெரியும்னு அந்தம்மாவுக்கு வெளங்கோணும்னா. யாராச்சும் நம்பலைன்னா படமிருக்குது, சரசு புருசன்கிட்டக் குடுத்து உட்டிருக்கேன், அவன் வெடியால மொதல் பஸ்ஸுலயே கோர்ட்டுக்குப் போயிருவான்னா. எத்தனை ரோசனை பாருங்க அவளுக்கு.

காலையில வக்கீலோட காரு வர்றதுக்குள்ள என்னை இந்த பஸ்ஸுல ஏத்தி உட்டா. கார்ல போனா சட்டை கசங்குமாமா. பஸ்ஸுல கசங்காதான்னு கேக்கலாம்னு பாத்தேன், நல்லா இருக்கற பொண்டாட்டிகிட்ட எதுக்கு வம்புன்னு உட்டுட்டேன். செல்லையும் ஊட்லயே வெச்சுட்டா, சார்ஜு இல்லைன்னு. ஏறப் போறப்ப சட்டைக் காலரைச் சரி பண்ணி, ஒண்ணுதான் சொன்னா.

"கோயில்ல சொல்ற மாதிரியே அவரு பேரு, நட்சத்திரம் சொல்லி ஆரம்பி. அப்பத்தான் போய்ச் சேர வேண்டியவருக்குப் போய்ச் சேரும். உனக்கு ஒண்ணும் ஒட்டாது."

பூசாரி சொன்னதை எத்தனை வருசம் கழிச்சு ஞாபகம் வெச்சிருக்கா பாருங்க. பொம்பளைக்குச் சாமி காரியம் புரியாதுன்னு நான் சொன்னது தப்புங்க.

என்னங்க, பின்னால ஏன் இப்பிடி ஆரன் அடிக்கறான்? சித்தே நகருங்க, பாக்கறேன். அட, எங்க மொதலாளி காருங்க. வக்கீலு முன் சீட்ல இருக்கறாரு. மொதலாளி பாருங்க, கண்ணாடியை எறக்கிட்டு ரெண்டு கையையும் ஆட்டறாரு. மூஞ்சியெல்லாம் வேர்த்து ஊத்துது. பஸ்ஸை நிறுத்தச் சொல்றாரு போல. நான் பஸ்ஸுல கஷ்டப்பட்டுப் போறேன்னு கேள்விப்பட்டு ஓடி வந்திருக்காரு. இந்த மனுசனுக்கா ஒண்ணும் தெரியாது? இதுக்கு மேலயும் கோர்ட்டுல இவரை விட்டுக் குடுத்தா எனக்கு நல்ல சாவு வருமுங்களா?

கோர்ட்டு ஸ்டாப்பு இதுதானுங்களா? இருங்க, அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு எறங்கறேன். கையைக் கொஞ்சம் எடுங்க, சன்னல்ல தலையை நீட்டோணும்.

மொதலாளி, வெசனப்படாதீங்க. நீங்க உள்ள வந்து உக்காருங்க. தெய்வசிகாமணி, கேட்டை நட்சத்திரம். இன்னிக்குப் பூராம் உங்க பேச்சுத்தானுங்க.